ஆயில் குடிக்கும் இரண்டு இன்ஜின்கள்: ராமேஸ்வரம் விசைப்படகும் பழைய டர்போ காரும்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் ஒருபுறம் நடக்க, இன்னொரு புறம் இன்ஜின்கள் பிரிந்து கிடக்கின்றன. பிஸ்டன் ரிங், ஸ்லீவ், பேரிங், வால்வு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி டீசலில் கழுவிப் பார்க்கிற காலம் அது.

அதே நாட்களில்தான் பள்ளிக்கூட விடுமுறை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடிவரும் வாடகைக் கார்களுக்கு ஓய்வே கிடையாது. அக்னி தீர்த்தத்தில் ஒரு குடும்பம், தனுஷ்கோடியில் ஒரு குடும்பம், திரும்பி ராமநாதபுரம் போவதற்குள் அடுத்த அழைப்பு. படகு பிரித்துப் பார்க்கப்படும் இரண்டு மாதமும் கார் மூச்சுவிடாமல் ஓடுகிறது.

இரண்டும் டீசல் இன்ஜின். இரண்டும் ஒரே உப்புக்காற்றை இழுக்கின்றன. வயதானதும் இரண்டைப் பற்றியும் ஒரே பேச்சுத்தான்: "ஆயில் அடிக்குது." ஆனால் அந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி இரண்டிலும் ஒன்றல்ல. டர்போ இல்லாத பழைய படகு இன்ஜினில் கற்ற பாடத்தை அப்படியே டர்போ காரில் வைத்துப் பார்த்துத்தான் பலர் தவறான பாகத்தை மாற்றுகிறார்கள். படகுக்காரரிடமிருந்து கார்க்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் வேறொன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது புரியும்.

உழைப்பு வேறு, தேய்மானம் வேறு

தமிழகக் கடற்கரை விசைப்படகுகளில் நெடுங்காலமாகப் பார்க்கிற இன்ஜின் அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் இன்ஜின். லாரியில் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்தது, ஆறு லிட்டருக்கு மேல் கொள்ளளவு. வலையைத் தள்ளிவிட்டால் மணிக்கணக்கில் ஒரே வேகம், ஒரே பாரம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். அந்த மூன்று நாளும் உழைப்பு ஒரே சீராக இருக்கும். இப்படி உழைக்கிற இன்ஜின் ரிங்கிலும் ஸ்லீவிலும் மெதுவாக, ஒழுங்காகத் தேயும்.

காரின் கதை வேறு. 2005-இல் வந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலையோ, 2007 முதல் ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசலையோ எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரம் வரும் தேசிய நெடுஞ்சாலை 87-இல் நூறு கிலோமீட்டர் வேகம். அங்கே, புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அது பந்து பேரிங்கில் உட்கார்ந்திருக்கவில்லை. மயிரிழை கனமுள்ள ஆயில் படலத்தில் மிதக்கிறது. பரமக்குடி தாண்டி ஒரு டீக்கடை கண்ணில் படுகிறது. வண்டியை ஒடித்து நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. தண்டைச் சுற்றித் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகிறது. ராமேஸ்வரம் ஊருக்குள் நுழைந்து நெரிசலில் ஊர்ந்து போய் நிறுத்தினால் இந்த ஆபத்து குறைவு. ஊர்வதிலேயே டர்போ ஆறிவிடும். டர்போவைக் கெடுப்பது கோயில் வாசல் அல்ல, நெடுஞ்சாலை டீக்கடை.

இதற்கு நேர்மாறான இன்னொரு கேடும் உண்டு. தனுஷ்கோடி வெயிலில் வண்டியை நிறுத்தி, ஏசி போட்டு, ஒரு மணி நேரம் ஐடிலில் விடுவது. அப்போது டர்போ மெதுவாகச் சுற்றும், காற்றழுத்தம் எழும்பாது. சிலிண்டர் முழுச் சூட்டை எட்டாமல் ரிங் பள்ளங்களில் கரி படியும். ஒரே நாளில் உச்ச வேகத்தையும் ஐடிலையும் மாறி மாறிப் பார்க்கிற இன்ஜின் படகைப் போல ஒழுங்காகத் தேய்வதில்லை. எங்காவது ஓரிடம் முந்திக்கொள்ளும். அந்த இடத்தைத் தேடுவதுதான் நோய் கண்டறிதல்.

நிறம் சொல்வது பாதி

புகையின் நிறத்தில் படகும் காரும் ஒரே பாஷைதான் பேசுகின்றன. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், இல்லாவிட்டால் தண்ணீர்.

ஆனால் காரணங்கள் பிரிந்துபோகின்றன. படகில் கறுப்புப் புகை வந்தால் இன்ஜின் அறையின் மூடியைத் திறந்தாலே சில சமயம் பாதி குறைந்துவிடும். அடைத்த அறையில் இன்ஜினுக்கு மூச்சு கிடைக்காததுதான் காரணம். காரில் கறுப்பு வந்தால் ஏர் ஃபில்டரைப் பார்த்த கையோடு டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ஹோஸ் பைப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். உப்பு அரித்த கிளிப் தளர்ந்து, அழுத்திய காற்று வழியிலேயே ஓடிவிடுகிறது. வண்டி இழுக்காது, கறுப்பாகக் கக்கும். டர்போ போய்விட்டது என்று தீர்ப்பு வரும். நூறு ரூபாய் கிளிப்புக்கு டர்போ பலியாகிற கதை இது.

வெள்ளைப் புகையிலும் அப்படியே. படகில் குளிரூட்டும் வழியில் எங்கோ கசிந்து தண்ணீர் ஆயிலில் கலந்தால், ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வரும். காரில் ஹெட் கேஸ்கெட் போனாலும் அதே நிறம்தான். கூடவே கூலன்ட் குறையும், புகையில் ஓர் இனிப்பு வாடை அடிக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வந்து சூடானதும் மறைகிற வெள்ளைக்கு இன்ஜெக்டரையும் குளோ பிளக்கையும் பார்த்தால் போதும்.

நீலத்தில்தான் சிக்கல். படகில் நீலப் புகை என்றால் பெரும்பாலும் ரிங், ஸ்லீவ், வால்வு கைடு மூன்றில் ஒன்று. காரில் இந்த மூன்றோடு டர்போவின் காற்றுப் பக்கம், புகைபோக்கிப் பக்கம் என்ற இரண்டு முனைகளும், இன்ஜினின் ஆவி வெளியேறும் குழாயான பிரீதரும் சேருகின்றன. ஆறு வாசல் உள்ள வீட்டில் எந்த வாசல் வழியாகத் திருடன் வந்தான் என்று புகையின் நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

புகைச் சோதனைச் சான்றிதழும் இதில் கைகொடுக்காது. பழைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு, பி.எஸ். 4 வண்டிக்கு 50 என்பது வரம்பு. அந்தக் கருவி புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று மட்டும் அளக்கிறது. நீலமா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மிதித்துத்தான் சோதனை. பாரம் ஏறும்போது மட்டும் ஆயில் எரிக்கிற வண்டி அங்கே நல்ல பிள்ளையாகத் தேறிவிடும்.

எப்போது வருகிறது?

நிறத்தைவிட நேரம் அதிகம் பேசும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு வீச்சு நீலம் விட்டுத் தெளிந்தால், வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கிறது. தனுஷ்கோடியில் ஐடிலில் நின்று கிளம்பும்போது நீலமாகக் கக்கி ஒரு கிலோமீட்டரில் நின்றுவிட்டால், வால்வு சீல் அல்லது டர்போவின் புகைபோக்கிப் பக்க சீல். வேகமும் பாரமும் ஏற ஏறப் புகையும் ஏறினால் ரிங், அல்லது டர்போவின் காற்றுப் பக்கம்.

இந்தச் சோதனைக்கு இந்த ஊரில் ஒரு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.345 கிலோமீட்டர் நீளம். கீழே கலங்கள் போவதற்காக நடுவில் மேடாக எழும்பி இறங்கும். ஏறும்போது இன்ஜினுக்குப் பாரம், இறங்கும்போது பாரமில்லை. நண்பர் ஒருவரைப் பின்னால் இன்னொரு வண்டியில் வரச்சொன்னால் ஏற்றத்தில் என்ன, இறக்கத்தில் என்ன என்று பார்த்துச் சொல்லிவிடுவார். பாலத்தில் நிறுத்த வேண்டியதே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலம் வந்தால் வால்வு கைடு என்ற பழைய பாடம் பெட்ரோல் இன்ஜினுக்கு உரியது. பெட்ரோலில் காலை எடுத்ததும் காற்று வழி மூடி உள்ளே வெற்றிடம் கூடும். அது வால்வு வழியாக ஆயிலை உறிஞ்சும். பழைய டீசலில் அப்படிக் காற்றை அடைக்கும் வால்வின் வேலை குறைவு என்பதால் அந்த உறிஞ்சலும் குறைவு. பெட்ரோல் பாடத்தை டீசலில் ஒப்பித்தால் தேர்வில் தோற்போம்.

திறந்த பிரீதர், மூடிய பிரீதர்

படகு இன்ஜினுக்கும் கார் இன்ஜினுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பலர் கவனிக்காத ஒரு சிறிய குழாயில் இருக்கிறது.

ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். பழைய படகு இன்ஜினில் அந்த வாயு வெளியேறும் பிரீதர் திறந்தே இருக்கும். புஸ் புஸ் என்று ஆவி விடுவதை நின்று பார்க்கலாம், கையை நீட்டித் தொட்டுப் பார்க்கலாம். இன்ஜின் தன் நோயை ஒளிப்பதில்லை.

காரில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக அந்தக் குழாயை வளைத்து டர்போவுக்கு முன்னால் காற்று வழியில் சேர்த்துவிட்டார்கள். ரிங் வழியாக வந்த ஆயில் ஆவி டர்போவுக்குள் போய், ஹோஸ் பைப்பில் படிந்து, மறுபடி சிலிண்டருக்கு வந்து எரிகிறது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில். டர்போ கசிகிறது என்ற முடிவுக்கு வராதவர் யார்? மெல்லிய ஈரப்பூச்சு நல்ல இன்ஜினிலும் இருக்கும், அதற்குக் கவலை வேண்டாம். கவிழ்த்தால் ஊற்றுகிற அளவு தேங்கியிருந்தால்தான் விசாரணை.

விசாரிக்கும் வழி எளிது. பிரீதர் குழாயைக் காற்று வழியிலிருந்து கழற்றி, அந்தத் துளையை அடைத்து, குழாயின் நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பது. அதாவது காரை ஒரு பயணத்துக்குப் படகாக்குவது. புகை நின்று பாட்டிலில் ஆயில் சேர்ந்தால் டர்போ மீது குற்றமில்லை. ரிங் தேய்ந்திருக்கலாம், ஆயிலையும் ஆவியையும் பிரிக்கும் பிரிப்பான் அடைத்திருக்கலாம். புகை நிற்கவில்லை என்றால் டர்போவையும் வால்வு சீலையும் பார்க்கலாம்.

டர்போ மேல் விழும் பழி

டர்போவின் சீல் ரப்பர் வளையம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். ஆயிலைப் பிடித்து நிறுத்துவது அந்த வளையம் மட்டுமல்ல, இருபுறமும் உள்ள காற்றழுத்தமும்தான். தண்டை நனைத்த ஆயில் ஒரு பருத்த குழாய் வழியாகத் தன் பாரத்தாலேயே தொட்டிக்கு இறங்க வேண்டும். அதைத் தள்ள பம்ப் எதுவும் இல்லை.

அந்த இறக்கம் தடைப்பட்டால் என்ன ஆகும்? பேக் கம்ப்ரஷனால் தொட்டிக்குள் அழுத்தம் கூடினாலும், அந்தப் பருத்த குழாயில் கரி அடைத்தாலும், கேஜ் கம்பியின் மேல்கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும், டர்போவுக்குள் ஆயில் தேங்கி இரு முனை வழியாகவும் வழியும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றுப் பக்கம் உறிஞ்சல் கூடி அந்த வழியாகவும் ஆயிலை இழுக்கும். புதிய டர்போ பூட்டினாலும் இதே கதைதான். ஆறு மாதத்தில் இரண்டாவது டர்போ கேட்கிற வண்டிகளில் பழுது டர்போவில் இல்லை.

உண்மையிலேயே டர்போதானா என்று அறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். முதலில், இன்ஜின் ஆறியபின் காற்றுப் பக்க ஹோஸைக் கழற்றித் தண்டை விரலால் அசைப்பது. பக்கவாட்டில் துளி ஆட்டம் இயல்பு, ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, தண்டு போய்விட்டது. இரண்டாவதாக, டர்போவுக்கு முன்னுள்ள மேனிஃபோல்டையும் பின்னுள்ள புகைக்குழாயையும் திறந்து பார்ப்பது. முன்னே காய்ந்து பின்னே ஈரமாக இருந்தால் டர்போ. முன்னேயும் ஈரம் என்றால் சிலிண்டரிலிருந்து வருகிறது. இந்த ஒரு பார்வை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

ஆனால் டர்போவின் காற்றுப் பக்கம் உண்மையிலேயே கொட்டுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு டீசல் இன்ஜின் தானாக வெறிபிடித்து ஓடத் தொடங்கலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது. டீசலை நிறுத்தலாம், ஆயிலை யார் நிறுத்துவது? கியர் வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டுத் திணறடித்து அணைப்பதே வழி. அது முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும். காற்று வழியைக் கையால் அடைக்கப் போகக் கூடாது.

எந்த சிலிண்டர்?

படகு மெக்கானிக்கிடம் ஒரு பழைய உத்தி உண்டு. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. எதைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அந்த சிலிண்டர்தான் கோளாறு. பழைய வரிசைப் பம்ப் இன்ஜினில் தலைமுறைகளாக நடந்துவரும் கைவேலை இது.

டீசலைப் பேரழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் காரில் இதைச் செய்யவே கூடாது. அங்கே குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். ஊசிமுனைக் கசிவும் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் ஏற்றிவிடும். கையையே இழக்க நேரலாம். படகிலிருந்து காருக்குக் கொண்டுவரக் கூடாத பாடங்களில் முதலிடம் இதற்குத்தான். காரில் ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும், திரும்பி வரும் டீசலின் அளவையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டரைச் சோதிக்க இரண்டுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. வால்வுகள் மூடிய நிலையில் உள்ளே காற்றை அழுத்தி, எங்கே இரைகிறது என்று காதால் கேட்பது. ஆயில் ஊற்றும் மூடியில் இரைந்தால் ரிங். ஏர் கிளீனரில் இரைந்தால் உள்வாங்கும் வால்வு. சைலன்சரில் இரைந்தால் வெளிவிடும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் மீட்டரில் எல்லா சிலிண்டரும் சமமாகக் காட்டினாலும் ஆயில் எரியலாம் என்பதை மறக்கக் கூடாது. கம்ப்ரஷன் பிடிப்பவை மேல் ரிங்குகள். ஆயிலை வழித்துக் கீழே விடுவது கடைசி ரிங். கரி பிடித்து அது ஒட்டிக்கொண்டால் இழுவை குறையாமலே ஆயில் மட்டும் குறையும். ஐடிலில் காத்துக் கிடந்த வாடகை வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

உப்பும் மணலும்

கடல்மேல் மணல் இல்லை. படகு இன்ஜினை உப்பும் ஈரமும்தான் அரிக்கும். காருக்கு உப்போடு மணலும் சேர்ந்து இரண்டு பகை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த பின் அரிச்சல்முனை வரை கார் போகும் சாலை 2017-இல்தான் வந்தது. அதற்கு முன் அந்த மணல் வெளிக்குள் சாதாரணக் கார் போகவில்லை. இப்போது தினமும் வரிசை. காற்றடிக் காலத்தில் சாலை மேலேயே மணல் ஏறிக் கிடக்கும்.

ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் ஓரத்தில் விரல்கடை இடைவெளி இருந்தாலும் அந்த மணல் டர்போவின் இதழ்களை ராவி, சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும். ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயில் விரலை விட்டுத் தடவும்போது நறநறவென்று பட்டால் நோயின் வேர் அங்கேயே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரிங் வேலை பார்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கணக்கு வைப்பவர் யார்?

இதுவரை பார்த்தவற்றில் கார்தான் சிக்கலானது, படகு எளியது. ஆனாலும் படகின் நோயை அதன் ஆட்கள் முன்கூட்டியே அறிந்துவிடுகிறார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் கயிறு கட்டி இழுத்துவர இன்னொரு படகு வேண்டும். அந்தப் பயம் கேஜ் கம்பியைப் பார்க்கவைக்கிறது. கடலுக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை, எவ்வளவு ஊற்றினோம் என்பது நினைவில் நிற்கும். பின்புறம் நின்று வலை வாங்கும் ஆட்களின் மூக்குக்குப் புகையின் வாடையும் எட்டிவிடும்.

காரில் உட்கார்ந்திருப்பவர் தன் புகையைப் பார்ப்பதே இல்லை, பின்னால் வருகிறவர்தான் பார்க்கிறார். ஆயில் விளக்கு எரியும் வரை கேஜ் கம்பியைத் தொடுவதும் இல்லை. அந்த விளக்கு காட்டுவது அழுத்தம் போய்விட்டது என்பதை. ஆயில் குறைகிறது என்ற முன்னறிவிப்பு அல்ல. அது எரியும்போது டர்போ ஏற்கெனவே காய்ந்து ஓடியிருக்கும்.

ஆகவே கார்க்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது படகுக்காரரின் ஸ்பேனரை அல்ல, கணக்கை. சமதளத்தில், இன்ஜின் ஆறியபின், கேஜ் கம்பியின் மேல்கோடு வரை ஊற்றிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி பிடித்தது என்று அளக்க வேண்டும். பல நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை கூட அனுமதிக்கப்பட்டது என்கின்றன. அது மிகத் தாராளமான எல்லை. எண்ணைவிட அதன் போக்குத்தான் முக்கியம். 200 மில்லி பல மாதம் 200-ஆகவே நின்றால் அந்த இன்ஜினோடு வாழலாம். 200, 350, 600 என்று ஏறினால் பட்டறைக்குப் போகும் நேரம். புகையே இல்லாமல் ஆயில் குறைந்தால் முதலில் கசிவைத் தேட வேண்டும், தரையில் சொட்டை, டர்போவின் ஆயில் பைப்பில் ஈரத்தை.

பட்டறைக்குப் போகும்போது "டர்போ பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டு போகாமல் மூன்று விடைகளோடு போனால் போதும்: எவ்வளவு குறைகிறது, எந்த நேரத்தில் புகைகிறது, பிரீதரைக் கழற்றினால் என்ன ஆகிறது. இந்த மூன்றையும் கேட்ட மெக்கானிக் ஃபில்டர், ஹோஸ், பிரீதர், தண்டு, மேனிஃபோல்டு என்று மலிவானதிலிருந்து தொடங்குவார். ஹெட் இறக்குவதும் இன்ஜின் இறக்குவதும் கடைசியில் வரும், பல வண்டிகளில் வராமலே போகும்.

படகுக்கு அரசு ஆண்டுக்கு 61 நாள் கட்டாய ஓய்வு கொடுக்கிறது. காருக்கு அப்படியொரு தடைக்காலம் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கேஜ் கம்பியைத் துடைத்துப் பார்க்கிற ஐந்து நிமிடம்தான் அதற்கு வாய்த்த தடைக்காலம்.